பல்லை மறைக்கும் ஈறு

பாடிக்கு அடுத்த முகப்பேரில், 2008-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், மூளைச்சாவடைந்த திருக்கழுக்குன்றத்து மாணவன் ஹிதேந்திரனின் இருதயம், போலீசார் வழிநெடுகப் போக்குவரத்தை ஒதுக்கித் தரத் தேனாம்பேட்டையிலிருந்து விரைந்து வந்து, டாக்டர் கே. எம். செரியனின் குழுவினரால் ஒரு சிறுமியின் மார்பில் பொருத்தப்பட்டதைத் தமிழ்நாடு மறந்திராது. உறுப்பு தானத்தின் மகிமையை அன்றுமுதல் ஓயாமல் பேசிவரும் நாம், உறுப்பைப் பெற்றவர்களின் வாய்க்குள் என்ன நேரக்கூடும் என்பதை அநேகமாகப் பேசுவதில்லை.

அந்நிய உறுப்பைச் சரீரம் பகையெனக் கருதித் தாக்குவது இயல்பு. அப்பகையை அடக்கிய சைக்ளோஸ்போரின் என்னும் ஔஷதம், நார்வே தேசத்து மண்ணில் கிடைத்த பூஞ்சையின் பிரசாதம். அமெரிக்க அரசு அதற்கு அனுமதியளித்த 1983-லேயே, அதை உண்பவர்க்கு ஈறு தடித்து வளர்கிறதென்ற செய்தியும் மருத்துவ ஏடேறிவிட்டது. முன்பற்களின் இடுக்கில் சிறு மேடாகத் தொடங்கும் இவ்வளர்ச்சி, சில மாதங்களில் பல்லையே மூடுமளவுக்குப் பெருகுவதுண்டு. சிறுவர்களிடம் இது அதிகம். போதாக்குறைக்கு, அம்மருந்து ஏற்றிவிடும் இரத்த அழுத்தத்தைத் தணிக்கத் தரும் நிஃபெடிபின், அம்லோடிபின் மாத்திரைகளுக்கும் இதே குணமுண்டு. வலிப்புக்குத் தரும் ஃபெனிட்டாயினின் இவ்விளைவு 1939-லேயே அறியப்பட்டதுதான்.

ஈறு வளர்கிறதென்றால் அங்கே புதிய தசை மிகுதியாக உற்பத்தியாகிறதென்றே எவரும் நினைப்பர். உண்மையில், கோளாறின் பெரும்பகுதி ஆக்கத்தில் அன்று, அழிவில்தான் இருக்கிறது. ஈற்றின் நார்ப்பொருளான கொலாஜன் இடையறாது உண்டாகி, இடையறாது உயிரணுக்களால் விழுங்கிச் செரிக்கப்படுவது. அச்செரிமானத்தை மருந்து மந்தப்படுத்தவே, பழையது நீங்காமல் புதியதோடு சேர்ந்து திரள்கிறது.

இவ்வுண்மையை மருந்தேதுமின்றியே விளக்கிக் காட்டும் அபூர்வப் பரம்பரை நோயொன்று உண்டு. 'ஐ-செல்' எனப்படும் அதில், உயிரணுவின் செரிமானப் பைகளுக்குச் சேரவேண்டிய நொதிகள், விலாசம் எழுதாத கடிதங்களைப்போல வழிதவறி வெளியேறிவிடுகின்றன. செரியாத பொருள்கள் பையில் குவிய, கைக்குழந்தைப் பருவத்திலேயே ஈறு தடித்துவிடுகிறது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதுற்ற மரபணு வந்தாலொழிய இந்நோய் தோன்றாது. ஆதலால், அக்காள் மகளையும் அத்தை மகளையும் மணக்கும் நம் வழக்கம் இதற்கு அனுகூலமே செய்கிறது என்பதைச் சொல்லாமல் விடுவதற்கில்லை.

பரம்பரை நோய்க்குப் பரிகாரம் அரிது. மருந்தால் வருவதற்கோ வழியுண்டு. பல்லில் படியும் அழுக்கு இதைப் பன்மடங்காக்குவதால், சுத்தமே முதற் சிகிச்சை. சைக்ளோஸ்போரினுக்குப் பதிலாக, ஜப்பானிய மண்ணின் நுண்ணுயிர் தந்த டாக்ரோலிமஸைக் கொடுத்தால் ஈறு பெரும்பாலும் தணியும். மிகுந்ததை அறுத்தெடுக்கலாம், ஆனால் காரணம் நீங்காவிடில் மீண்டும் வளரும். மாற்று அறுவைக்கு நாள் குறிக்குமுன் பல் மருத்துவரையும் கலந்துகொள்வதே முறை.

ஈறு வளர்கிறதென்று அஞ்சி மாத்திரையைத் தாமாக நிறுத்துவோர், பெற்ற உறுப்பையே இழக்க நேரிடும். மருந்தை மாற்றும் அதிகாரம் அதை எழுதிக்கொடுத்த மருத்துவருக்கே உரியது. அவரிடம் வாயைத் திறந்து காட்டுங்கள்.