கிட்-கமிட்டா, கிட் கமிட்டா? நடுவுல இருக்கற ஒரு கோடு

கிட் யூஸ் பண்ற எல்லாரும் 'கிட்', ஒரு ஸ்பேஸ், 'கமிட்'னுதான் டைப் பண்றோம். ஆனா மேனுவல் பக்கத்தைத் திறந்தா, தலைப்புல 'கிட்-கமிட்'னு ஹைஃபன் போட்டிருக்கும். ஒரே கமாண்டுக்கு ஏன் ரெண்டு பேர்?

2005-ல லினஸ் டோர்வால்ட்ஸ் ஆரம்பிச்ச புராஜெக்ட் கிட். ஆரம்ப காலத்துல ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தனி புரோகிராம்: கிட்-ஆட், கிட்-லாக், கிட்-மெர்ஜ். 'கிட்' அப்படிங்கறது வாசல் மாதிரி. எது வேணும்னு கேட்டு உள்ளே அனுப்பும். நாளாக ஆக இந்தப் புரோகிராம்கள் நூறைத் தாண்டிடுச்சு. டெர்மினல்ல 'கிட்-'னு அடிச்சு டேப் தட்டினா மொத்த லிஸ்ட்டும் வந்து கொட்டும். புதுசா வர்றவங்களுக்கு எங்க தொடங்கறதுன்னே புரியாது.

அதனால, ஹைஃபன் வேண்டாம், ஸ்பேஸ் போதும்னு முடிவு பண்ணாங்க. 1.5.4 வெர்ஷனோட ரிலீஸ் குறிப்புலயே அறிவிச்சாங்க. 2008 ஆகஸ்ட்ல வந்த 1.6.0-ல, பெரும்பாலான ஹைஃபன் கமாண்டுகளை 'பாத்'துக்கு வெளியே வேற ஃபோல்டருக்கு மாத்திட்டாங்க. அவ்ளோதான்! ஹைஃபன் போட்டு எழுதின பழைய ஸ்கிரிப்ட்கள் 'கமாண்ட் நாட் ஃபவுண்ட்'னு நின்னுடுச்சு. முன்கூட்டியே சொல்லியிருந்தும் கோபம் கிளம்பிச்சு. ஏன்னா ஸ்கிரிப்ட்டை ஓட்டறவங்கள்ல பலர் ரிலீஸ் குறிப்பைப் படிக்கறதில்ல.

இதுல எனக்குத் தெரியற விஷயம் ஒண்ணுதான். ஒரு பேரு அடுத்தவங்க ஸ்கிரிப்ட்டுக்குள்ள போயிட்டா, அது வெறும் பேரு இல்ல, வாக்கு. மாத்தறதுக்கு விலை உண்டு.

நம்ம அளவுல என்ன பண்ணலாம்? ரீட்மீல 'கிட் சிஓ'ன்னு உங்க ஷார்ட்கட்டை எழுதாதீங்க. அது உங்க லேப்டாப்ல மட்டும்தான் ஓடும். நேத்து டீம்ல சேர்ந்தவருக்கு எரர்தான் வரும். 'கிட் செக்அவுட்'னு முழுசா எழுதுங்க. ஸ்கிரிப்ட்ல 'கிட் ஸ்டேட்டஸ்' அவுட்புட்டைப் படிக்கணும்னா, கூடவே '--போர்சலின்' சேருங்க. அந்த வடிவம் வெர்ஷனுக்கு வெர்ஷன் மாறாதுன்னு கிட்டே உறுதி தருது.

ஹைஃபன் இன்னும் சாகலை, தெரியுமா? 'கிட்-வணக்கம்'னு ஒரு ஸ்கிரிப்ட் எழுதி, ஓடறதுக்குப் பர்மிஷன் குடுத்து, 'பாத்'துல வைங்க. அப்புறம் 'கிட் வணக்கம்'னு அடிச்சா ஓடும். ஃபைல் பேர்ல கோடு, கூப்பிடறப்போ ஸ்பேஸ். உங்க டீமுக்குன்னு கமாண்ட் எழுதறப்போ, பேரை மட்டும் நிதானமா யோசிச்சு வைங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்!