நீர்வண்ணப் படங்களில் எம்பெருமான் திருமேனி

பாபநாசத்தில் பொதிகையினின்று இறங்கும் தாமிரபரணியின் அருவியை 1792-ல் தாமஸ் டேனியலும் அவர் உடன்பிறந்தார் மகன் வில்லியமும் கண்டு வரைந்து சென்றனர். அந்நீரே கீழே ஓடி, நம்மாழ்வார் திருவாக்கில் பொருநல் என்று பெயர் பெற்று, திருக்குருகூரை அடைகிறது என்பது அப்படத்தில் தெரியாது. அவர்கள் கண்டது காட்சியழகு மட்டுமே.

தெய்வ வடிவங்களை அவ்வாறு விரும்பிய கம்பெனி உத்தியோகஸ்தர்களுக்கு எழுதிக் கொடுத்தவர்களோ நம் நாட்டு ஓவியர்களே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தஞ்சையில் காகிதத்திலும், திருச்சிராப்பள்ளியில் அப்பிரகத் தகட்டிலும் எம்பெருமான் திருவுருவங்கள் தொகுதி தொகுதியாக எழுதப்பட்டு விலைபோயின. பலகையில் துணி ஒட்டி, சுண்ணம் பூசி, பொன் தகடும் கல்லும் பதிக்கும் தஞ்சாவூர்ப் படம் பூஜைக்கு உரியது. இவற்றிலோ திருவாபரணங்களும் வண்ணத்தாலேயே காட்டப்பட்டன. பின்புலம் பெரும்பாலும் வெற்றுக் காகிதம். (திருமண்காப்பின் வடிவைப் பற்றிய விவாதத்தை இங்கே தொடங்க வேண்டா.)

இப்படங்களின் அச்சுப் பிரதிகளைக் கோயிலாழ்வாரில் எழுந்தருளப் பண்ணலாமோ என்று இன்று கேட்பாருண்டு. முழு உருவைச் சித்திரம் என்றும், பாதி புடைத்ததைச் சித்திரார்த்தம் என்றும், எழுதிய படத்தைச் சித்திராபாஸம் என்றும் சாஸ்திரம் வகுக்கும். ஆகவே எழுதப்பட்டது என்பதனாலேயே அது தள்ளத்தக்கதன்று. நீர் படலாகாது என்பதும் குறையன்று. திருவரங்கத்துப் பெரிய பெருமாளின் சுதைத் திருமேனிக்குத் தைலக்காப்பே அன்றித் திருமஞ்சனம் இல்லையே.

வேறுபாடு மற்றோரிடத்தில் உள்ளது. அர்ச்சாவதாரத்துக்கு ஏற்றம் எம்பெருமான் ஓர் ஊரை உகந்து, அடியார் இட்ட வழக்காய் இருக்கை. உகந்தருளின நிலம் என்று பூர்வாசார்யர்கள் அருளிச்செய்வது அதனாலன்றோ? வெற்றுக் காகிதத்தில் நிற்கும் சங்கசக்ரதாரிக்கு ஊர் இல்லை. லக்ஷணத்தைக் கொண்டு இன்ன மூர்த்தி என்று அறியலாம். இன்ன திவ்யதேசத்து எம்பெருமான் என்று அறிய இயலாது. பள்ளிகொண்ட அரங்கனை எழுதிய படங்கள் இதற்கு விலக்கு. அங்கே ஊர் கூடவே வருகிறது.

தசாவதாரத் தொகுதிகளைக் காண்போர் ஒன்றை நோக்க வேண்டும். நம் வழக்கில் கண்ணனுக்கு முன்னே பலராமன் எண்ணப்படுகிறான். வடநாட்டு வரிசைகள் பலவற்றில் புத்தன் இடம்பெறுவான். 1810-ல் லண்டனில் வெளிவந்த எட்வர்ட் மூரின் ‘இந்து பாந்தியன்’ போன்ற நூல்களால் இந்துக்களின் தெய்வங்களைப் பயின்றவர்க்கு இவ்வேறுபாடு வெறும் பட்டியல் பிறழ்ச்சியாகத் தோன்றக்கூடும். நமக்கு அது ஸம்பிரதாய பேதம். படம் எந்த வழக்கைச் சார்ந்தது என்பதைக் கலப்பை ஏந்திய திருக்கையைக் கொண்டே பெரும்பாலும் துணியலாம்.