கதவு வரி கட்டுகிறோம், கதவைத் தட்டுகிறோமா?

ஆண்டுக்கு இருமுறை, பிப்ரவரிக் கடைசியிலும் ஆகஸ்ட் கடைசியிலும், நம் வீடுகளில் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "கதவு வரி கட்டியாச்சா?" கைப்பேசியில் இரண்டு தட்டு தட்டிக் கட்டிவிட்டு, அத்தோடு நகராண்மைக் கழகத்தை மறந்துவிடுகிறோம். அடுத்து அதை நினைப்பது, குப்பை லோரி வராத அன்றோ, கால்வாய் அடைத்து வாசலில் தண்ணீர் ஏறும் அன்றோதான்.

நாடாளுமன்றத்தில் யார் என்ன பேசினார் என்று மணிக்கணக்கில் விவாதிக்கிறோம். ஆனால் பிள்ளைகள் விளையாடும் திடல், தெருவிளக்கு, சந்தை, பொது மண்டபம், அம்மா போட நினைக்கும் நாசி லெமாக் கடைக்கான உரிமம் ஆகியவற்றில் பெரும்பாலானவை முடிவாவது ஊராட்சி மன்றத்தில்தான். நாட்டில் 150க்கும் மேற்பட்ட ஊராட்சி மன்றங்கள் இருக்கின்றன. மாநகராட்சி, நகராண்மைக் கழகம், மாவட்ட மன்றம் என்று பெயர் வேறுபட்டாலும் வேலை ஒன்றே.

நாம் வாக்களித்த காலம்

ஒரு காலத்தில் இந்த மன்றங்களுக்கு மக்கள் வாக்களித்தார்கள். ஜார்ஜ் டவுனில் 1951-இல் தேர்தல் நடந்தது. 1957-இல் அது மாநகரமானபோது முதல் மேயராகப் பொறுப்பேற்றவர் டி.எஸ். இராமநாதன். அவர் பெயரில் பினாங்கில் இன்றும் ஒரு சாலை உண்டு.

இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி 1965-இல் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. மன்றங்களின் செயல்பாட்டை ஆராய அமைக்கப்பட்ட அரச ஆணையத்துக்குத் தலைமை தாங்கியவர் செனட்டர் ஆதி நாகப்பன். தேர்தலைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று அந்த ஆணையம் பரிந்துரைத்தது. ஆனால் 1976-இல் வந்த ஊராட்சிச் சட்டம் (சட்டம் 171) தேர்தலுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. இன்று தலைவரோடு 8 முதல் 24 வரையிலான உறுப்பினர்களை மாநில அரசே நியமிக்கிறது. கோலாலம்பூரில் அதுவும் இல்லை; டத்தோ பண்டார்தான் மன்றம்.

வாக்கு இல்லை என்றால் உரிமையும் இல்லை என்று நம்மில் பலர் நினைத்துவிட்டோம். அது எவ்வளவு தவறு என்பதைக் காட்ட ஒரு வழக்கு போதும்.

பூங்காவா, வீடா?

கோலாலம்பூர் தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் பகுதியில் ரிம்பா கியாரா பூங்கா இருக்கிறது. அதன் ஓரத்தில் நீண்ட வரிசை வீடுகளில் சுமார் 100 குடும்பங்கள். முன்னாள் புக்கிட் கியாரா தோட்டத்துப் பாட்டாளிகளும் அவர்கள் வழி வந்தவர்களும். தோட்டம் அரசு கைக்குப் போன பிறகு, 1980-களின் தொடக்கத்தில் அவர்கள் தற்காலிகமாக அங்கே குடியேற்றப்பட்டார்கள். நிரந்தர வீடு வரும் என்ற வாக்குறுதியோடு குடிபோனவர்கள், அங்கேயே பேரப்பிள்ளை எடுத்தார்கள்.

2017-இல் அந்தப் பூங்கா நிலத்தில் ஒரு பெரிய திட்டத்துக்கு மேம்பாட்டு அனுமதி கிடைத்தது. 42 முதல் 54 மாடி வரை உயரும் எட்டுக் கட்டடங்களில் 1,766 அடுக்குமாடி வீடுகள். கூடவே 29 மாடிக் கட்டடம் ஒன்றில் 350 கட்டுப்படி விலை வீடுகள். நீண்ட வீட்டு மக்களுக்கு வீடு கிடைக்க வேண்டுமானால் இந்தத் திட்டம் வேண்டும் என்று சொல்லப்பட்டது. வட்டாரக் குடியிருப்பாளர்கள் நீதிமன்றம் போனார்கள். உயர் நீதிமன்றத்தில் தோற்றார்கள். 2021-இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வென்றார்கள். 2023 ஏப்ரல் 18-ஆம் நாள் கூட்டரசு நீதிமன்றம் அந்த வெற்றியை உறுதி செய்தது.

பூங்கா என்று நகர அமைப்புத் திட்டத்தில் குறித்துவிட்டு, அதைச் சும்மா ஒதுக்கிவிட்டு வேறொன்றுக்கு அனுமதி தர முடியாது. பாதிக்கப்படும் மக்களின் குரலைக் கேட்க வேண்டும். முடிவுக்குக் காரணம் சொல்ல வேண்டும். நாட்டின் எல்லா ஊராட்சி மன்றங்களும் படித்துப் பார்க்க வேண்டிய பாடம் அது.

ஆனால் நம்மவர்களுக்கு இதில் இன்னொரு பாடமும் இருக்கிறது. தோட்டத்து மக்களுக்கு வீடு கொடுக்க ஒரு பூங்காவை விற்கத்தான் வேண்டுமா? வீட்டுக்காகக் காத்திருந்தவர்களும் பூங்காவைக் காக்க நின்றவர்களும் எதிரெதிர் வரிசையில் நிறுத்தப்பட்டார்கள். திட்டமிடும்போதே அந்த 100 குடும்பங்களுக்கு உரிய நிலத்தை ஒதுக்கியிருந்தால் சண்டைக்கே இடமில்லை. வரைபடத்தில் நம் இடம் இல்லையென்றால், பிறகு யாருடைய இடத்தையோ பறிக்க வந்தவர்களைப் போல நாம் நிற்க நேரிடும்.

நாலு வாரமும் 21 நாளும்

தீபகற்பத்தில் நகர, கிராமத் திட்டமிடல் சட்டம் (சட்டம் 172) நமக்கு இரண்டு வாய்ப்புகளைத் தருகிறது. வட்டாரத் திட்ட வரைவைக் குறைந்தது நான்கு வாரம் பொதுப் பார்வைக்கு வைத்து ஆட்சேபங்களைக் கேட்க வேண்டும். வட்டாரத் திட்டம் இல்லாத இடத்தில் ஒரு கட்டடத்துக்கு விண்ணப்பம் வந்தால், பக்கத்து நில உரிமையாளர்களுக்கு அறிவிப்பு அனுப்ப வேண்டும். அவர்கள் 21 நாளுக்குள் எழுத்துவழி ஆட்சேபம் தெரிவிக்கலாம்.

கோயில், தமிழ்ப்பள்ளி, இடுகாடு ஆகியவற்றின் நிலம் வரைபடத்தில் எந்த நிறத்தில் இருக்கிறது என்று கோயில் நிர்வாகமும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் பார்க்க வேண்டியது அந்த நான்கு வாரத்தில்தான். இயந்திரம் வந்து நின்ற பிறகு நடத்தும் போராட்டத்தைவிட, வரைவு வந்தபோது எழுதிய ஒரு பக்கக் கடிதத்துக்கு வலிமை அதிகம்.

குப்பையில் நம் பங்கு

திடக்கழிவுச் சட்டத்தை (சட்டம் 672) ஏற்ற மாநிலங்களிலும் கூட்டரசுப் பிரதேசத்திலும் 2015 செப்டம்பர் 1 முதல் குப்பையை வீட்டிலேயே பிரித்துப் போடுவது கட்டாயம். வாரத்தில் இரண்டு நாள் சாதாரணக் குப்பை, ஒரு நாள் மறுசுழற்சிப் பொருள். இந்தச் சட்டத்தில் சேராத பினாங்கு, 2016-இல் தன் சொந்த விதியோடு பிரித்தலைத் தொடங்கியது. சிலாங்கூரும் பேராவும் தனி வழியில் நடக்கின்றன. அதனால் குப்பை வரவில்லை என்றால் யாரிடம் புகார் செய்வது என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

பொது இடத்தில் குப்பை போடுவோருக்கு 2026 ஜனவரி முதல் அபராதத்தோடு சமூகச் சேவைத் தண்டனையும் வந்திருக்கிறது. திருவிழா முடிந்த மறுநாள் கோயில் வாசல் எப்படி இருக்கிறது என்பதை நாமே ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

துடைப்பத்திலிருந்து வரைபடத்துக்கு

நகராண்மைக் கழகக் குடியிருப்பில் வாழ்ந்து, விடியுமுன் தெருவைக் கூட்டி, கால்வாயைத் தூர்வாரியவர்களில் நம்மவர் ஏராளம். 1990-களின் பிற்பகுதியில் பல ஊர்களில் துப்புரவு தனியார் நிறுவனங்களிடம் போனது. அந்த வேலையைத் தேடிப் பிள்ளைகளை அனுப்ப நாம் விரும்பவும் இல்லை. ஆனால் அதே மன்றத்தில் நகரத் திட்டமிடுநர், சொத்து மதிப்பீட்டாளர், பொறியாளர், சுற்றுச்சூழல் சுகாதார அதிகாரி ஆகிய வேலைகள் இருக்கின்றன. மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்திலும் நகரத் திட்டமிடல் படிப்பு உண்டு. எஸ்.பி.எம். முடித்த பிள்ளையிடம் மருத்துவம், சட்டம் பற்றிப் பேசும் நாம் இதைப் பற்றிப் பேசுவதே இல்லை.

சிறுகடை போடுவோருக்கும் முதல் வாசல் மன்றந்தான். உணவுக்கடைக்கு உரிமம், உணவு கையாள்வோர் பயிற்சி, டைஃபாய்டு தடுப்பூசி ஆகியவற்றை முதலிலேயே முடித்துவிட்டால், அமலாக்க அதிகாரியைக் கண்டு தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு ஓட வேண்டியதில்லை.

கேட்டால் கிடைக்கும்

பினாங்கில் 2012-இல் ஒரு நல்ல முயற்சி தொடங்கியது. ஜாலான் சுங்கை, அம்பாங்கான் மக்கள் வீடமைப்பு அடுக்குமாடிகளில், பணத்தை எதற்குச் செலவிடலாம் என்று குடியிருப்பாளர்களிடமே கேட்டு வாக்கெடுத்தார்கள். ஆண், பெண், முதியவர், இளையவர் என ஒவ்வொரு தரப்பின் தேவையும் தனியாகக் கேட்கப்பட்டது. மின்தூக்கியும் துப்புரவும் யாருக்கு எவ்வளவு அவசியம் என்பது அங்கே வசிப்பவருக்குத்தானே தெரியும்?

உங்கள் பகுதிக்குப் பொறுப்பான மன்ற உறுப்பினர் யார் என்று இந்த வாரம் தெரிந்துகொள்ளுங்கள். புகாரை வாய்வழியாகச் சொல்லாமல் எழுதிக் கொடுத்து, எண்ணை வாங்கி வையுங்கள். சட்டம் 171-இன்படி, மன்றமே வேறுவிதமாகத் தீர்மானித்தால் தவிர, மன்றக் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவை. தாமானிலிருந்து நான்கு பேர் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தால்கூட, யாரோ கவனிக்கிறார்கள் என்பது மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்குத் தெரியும்.

வாக்குச் சீட்டு திரும்பி வரும்போது வரட்டும். ஆட்சேபக் கடிதத்துக்கு வேண்டியது ஒரு தாளும் ஒரு பேனாவும்தான்.