உங்களுக்குத் தெரியுமா? புத்தளம் கரையில் வேலி தாண்டும் பழங்கள்!

1344. உலகம் சுற்றிய பயணி இபுன் பதூதா புத்தளத்தில் கரை இறங்குகிறார். கரையெங்கும் கறுவாக் கட்டைகள்! மழைவெள்ளம் அடித்துவந்து குவித்தவை. மலபார்க்காரரும் எதிர்க்கரைக்காரரும் கப்பலில் வந்து காசு கொடுக்காமலே அள்ளிப் போகிறார்களாம். பதிலுக்கு அரசருக்குக் கொஞ்சம் துணிமணி. அவ்வளவுதான்! கறுவாவையே சும்மா கொடுத்த கரை இது. வேலி தாண்டும் ஒரு கூடை மாங்காய் எம்மாத்திரம்?

அதே பயணிக்குத் தேங்காய் எப்படித் தெரிந்தது தெரியுமா? மனிதத் தலையாக! கண் இருக்கிறது, வாய் இருக்கிறது, உள்ளே மூளை, மேலே முடி! உரித்த தேங்காயை ஒருமுறை திருப்பிப் பாருங்கள். அப்புறம் துருவக் கை வராது!

தென்னையில் மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு பாளை வெடிக்கிறது. பூ முற்றித் தேங்காயாக 12 மாதம். ஆக, குரும்பையும் இளநீரும் முட்டுக்காயும் முற்றின தேங்காயுமாக ஒரே மரத்தில் ஒரு டசின் தலைமுறை தொங்குகிறது!

ஆண்டுக்கு எத்தனை தடவை பறிக்கிறார்கள்? 6! இரண்டு மாதத்துக்கு ஒன்று. தோட்டங்களில் பறிக்கிறவர் பெரும்பாலும் மரமே ஏறுவதில்லை. மூங்கில் தடி, நுனியில் கத்தி, அண்ணாந்த கழுத்து. முடிந்தது வேலை! (கீழே நிற்பவர்தான் ஓடத் தெரிந்தவராக இருக்க வேண்டும்.)

தேங்காய்க்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் நம் மாவட்டத்தில் இருக்கிறது! லுணுவிலவில், பண்டிரிப்புவ தோட்டத்தில். தொடங்கியது 1929. உங்கள் பாட்டியின் வளவில் நிற்கும் தென்னையைவிட மூத்ததாக இருக்கலாம்!

புத்தளம் என்றால் உப்பு. அந்த உப்பு தென்னைக்கு உரம் என்பது தெரியுமா? மற்ற மரங்கள் பலவும் உப்பைக் கண்டால் கருகும். தென்னையோ குளோரைட்டைக் கேட்டு வாங்கிச் சாப்பிடும்! பிலிப்பைன்சில் தென்னையடியில் உப்பை உரமாகவே போடுகிறார்கள். கறிக்குப் போடுகிற அதே உப்பு!

இனி ஒரு வில்லன். உயரம் பார்த்தால் சிரிப்பீர்கள்: கால் மில்லிமீற்றர்! பெயர் தென்னைச் சிற்றுண்ணி. 1997இல் இலங்கையில் முதன்முதல் பிடிபட்ட இடம் எது? கற்பிட்டிக் குடாநாடு! குரும்பையின் தொப்பிக்கு அடியில் ஒளிந்துகொண்டு சாற்றை உறிஞ்சும். காய் வெடித்துச் சிறுத்துப்போகும்.

அதற்கு லுணுவிலவில் என்ன செய்தார்கள்? இன்னொரு உண்ணியை வளர்த்தார்கள்! இது சைவமில்லை, உண்ணியையே தின்னும் உண்ணி. உருவாக்கி, பெருக்கி, மரத்துக்கு அனுப்பினார்கள். காற்றில் பறந்து பக்கத்துத் தோட்டத்துக்குப் போகிற பூச்சிக்கு வேலி ஏது? ஒருவர் மரத்தைப் பார்த்துக்கொண்டு அடுத்தவர் பார்க்காவிட்டால் காசும் போச்சு, காயும் போச்சு!

பழ ஈக்கும் அதே கதை. ஒரு வீட்டில் மட்டும் பொறி வைத்தால் அயல் வீட்டு ஈ விருந்துக்கு வரும். ஊரே சேர்ந்து வைத்தால்? பசிபிக்கில் ரோட்டா என்று ஒரு சின்னத் தீவு. 1960களில் மணம் காட்டி ஆண் ஈக்களைப் பிடித்தே அந்த இனத்தைத் துடைத்து எறிந்துவிட்டார்கள். ஆண் இல்லை, முட்டை இல்லை, புழு இல்லை. தீவு முழுவதும்!

நம் வளவில் அவ்வளவு தேவையில்லை. பிஞ்சுக் கொய்யாவையும் மாங்காயையும் பழைய பேப்பரில் சுற்றிக் கட்டுகிறோமே, அதுவே ஈக்குப் போட்ட பூட்டு! அன்றைய அரசியல்வாதிகளின் முகங்கள் கொய்யாவைக் காவல் காக்கின்றன. வேறெதற்குப் பயன்பட்டார்கள்!

ஒரு மாம்பூங்கொத்தில் சில ஆயிரம் பூக்கள். பழமாக முற்றுவது நூற்றில் ஒன்றுகூட இல்லை! நாம் காய்த்துக் கொட்டுகிறது என்கிறோம். மரம் கொட்டியது எவ்வளவு என்று மரத்துக்குத்தான் தெரியும்!

இது நான் தேடிப்பிடித்ததில் முத்து. மெதுவாகப் படியுங்கள்.

எமர்சன் டெனன்ட். பிரித்தானிய அதிகாரி. 1859இல் இலங்கையைப் பற்றி இரண்டு பெரிய பாகங்கள் எழுதினார். பலாவிலும் தென்னையிலும் காய்ந்த இலை வளையமாகக் கட்டியிருப்பதைக் கண்டு விசாரித்தார். பெயர் ‘கொக் பந்தீம’. இளங்கொழுந்து கட்டுதல் என்று பொருள். கட்டிவிட்டால் அந்த மரம் பேய்க்கோ தெய்வத்துக்கோ நேர்ந்தது. எந்தக் கள்வனும் கிட்டப் போகமாட்டான்! பூட்டு இல்லை, நாய் இல்லை, முள்வேலி இல்லை. ஒரே ஓர் இலை!

பழுத்தபின் என்ன நடக்கும்? அதையும் கவனித்து எழுதியிருக்கிறார். நல்லதாக நாலைந்து பழம் பேய்க்கு. மிச்சம் முழுவதும் மரக்காரருக்கு! பேயையே ஏமாற்றிய கெட்டிக்காரர்கள்!

இனி ஜேர்மனிக்கு வாருங்கள். அங்கேயும் மரத்தில் கட்டுகிறார்கள். இலை அல்ல, மஞ்சள் நாடா. பொருள்? ‘யாரும் பறிக்கலாம், கேட்கத் தேவையில்லை!’ இங்கே கட்டினால் தொடாதே. அங்கே கட்டினால் எடுத்துக்கொள். கண்டம் மாறினால் முடிச்சின் பொருளே தலைகீழ்!

டொரன்டோவில் 2008இல் ஒரு கூட்டம் வீடு வீடாகப் போய்ப் பழம் பறிக்கத் தொடங்கியது. கணக்கு மூன்று பங்கு. ஒரு பங்கு வீட்டுக்காரருக்கு, ஒரு பங்கு பறித்தவர்களுக்கு, ஒரு பங்கு இல்லாதவர்களுக்கு. கத்தி வைத்து வெட்டியதுபோல் மூன்று! நம் ஊரில் பங்கு பிரித்தால் மூன்றில் நிற்குமா? பறித்தவர், தடி தந்தவர், வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தவர், ‘பழுத்திட்டுதா?’ என்று விசாரித்தவர்… எல்லாருக்கும் ஒவ்வொன்று!

பக்கத்து வளவில் விழுந்த மாம்பழம் யாருக்குச் சொந்தம்? பழைய ரோமச் சட்டம்: மரக்காரருக்கே. ஒருநாள் விட்டு ஒருநாள் அயல் வளவுக்குள் நுழைந்து பொறுக்கிக்கொள்ளலாம்! 1900இல் நடைமுறைக்கு வந்த ஜேர்மன் சட்டம்: விழுந்தது விழுந்த நிலத்துக்காரருக்கே! ஆனால் அவர் கிளையை உலுக்கக் கூடாது. தானாக விழ வேண்டும். காற்றுக்காகக் காத்திருக்கும் ஜேர்மன்காரரை நினைத்துப் பாருங்கள்!

நீங்கள் நட்ட பலா. உங்கள் காணி. உங்கள் கோடரி. வெட்டலாமா? முடியாது! அனுமதிப்பத்திரம் வேண்டும். இலங்கையின் 1951ஆம் ஆண்டு 9ஆம் இலக்கச் சட்டம் அப்படிச் சொல்கிறது. பட்டியலில் பலா, ஈரப்பலா, அப்புறம் பெண் பனை! ஆண் பனைக்கு அந்தப் பாக்கியம் இல்லை. நுங்கு தராதவனுக்குச் சட்டமும் தராது!

பனைக்கு எத்தனை பயன்? ‘தாலவிலாசம்’ என்ற நூல் எண்ணிச் சொன்னது 801! எண்ணூறோடு நிறுத்த மனம் வரவில்லை, பாருங்கள்!

ஆர்தர் வி. டயஸ். பாணந்துறைக்காரர். 1915 கலவரத்தின்போது இராணுவச் சட்டத்தில் மரண தண்டனை விதிக்கப்பட்டவர். தப்பி வெளியே வந்தார். வந்து செய்தது என்ன? பலாக்கொட்டையை நாடெங்கும் கொடுத்து நடச் சொன்னார். இலக்கு 10 இலட்சம் மரம்! சிங்கள ஊர்களில் அவருக்கு வைத்த பெயர் ‘கொஸ் மாமா’. பலா மாமா! தூக்குக் கயிற்றிலிருந்து பலாக்கொட்டைக்கு!

அந்தக் கொட்டைகளின் பெறுமதி 2022 பொருளாதார நெருக்கடியில் தெரிந்தது. அரிசி விலை ஏறியது, எரிவாயு இல்லை. பல வீடுகளில் மத்தியானச் சாப்பாடு பலாக்காய்! அதே ஆண்டு ஜூனில் அமைச்சரவை இன்னொன்றும் செய்தது. அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை லீவு, வீட்டுத்தோட்டம் செய்வதற்காக! மண்வெட்டி பிடிக்க ஒரு நாடே லீவு கொடுத்த கதையை வேறெங்கே கேட்டிருக்கிறீர்கள்?

பலாப்பழம் ஒரு பழமில்லை! ஒவ்வொரு சுளையும் ஒவ்வொரு பூவில் வந்தது. நூற்றுக்கணக்கான பழங்கள் ஒரே தோலுக்குள் கூட்டுக் குடும்பம் நடத்துகின்றன. கின்னஸ் சாதனைப் பழம் 2016இல் புனேயில் நிறுத்துப் பார்க்கப்பட்டது: 42.72 கிலோ! இதைத் தனியே தின்ன முடியுமா? பலா காய்த்தால் அயலவர் வேண்டும். வேறு வழியே இல்லை!

மிச்சக் கொட்டையை எங்கே வைப்பது? மணலில் புதையுங்கள்! குளிர்சாதனப் பெட்டி வருவதற்கு முந்திய வித்தை. மாதக்கணக்கில் கெடாது. புத்தளம் கரையில் மணலுக்கா பஞ்சம்?

ஈரப்பலாவுக்காக ஒரு கப்பலில் கலகமே நடந்தது! 1789. பவுண்டி என்ற கப்பல். தாகித்தியிலிருந்து ஏற்றிய கன்றுகள் 1,015. கன்றுகளுக்குத் தண்ணீர், மாலுமிகளுக்கு வசவு! மாலுமிகள் பொங்கினார்கள். கப்பல் தலைவரைப் படகில் இறக்கிவிட்டார்கள். கன்றுகள் கடலில்! நான்கு ஆண்டு கழித்து அதே தலைவர் மறுபடி போய்க் கன்றுகளைக் கரீபியன் தீவுகளில் சேர்த்தார். இவ்வளவு பாடுபட்டுச் சேர்த்த காயை அங்கே முதலில் யாரும் வாயில் வைக்கவில்லை! நம் ஆட்களோ தேங்காய்ப்பால் ஊற்றி ஒரே நாளில் முடித்திருப்பார்கள்.

வண்ணாத்திவில்லுப் பக்கம் கஜுக் காலம் வந்தால் காற்றே இனிக்கும். அந்தச் சிவந்த பழம் பழமே இல்லை, தெரியுமா? காம்பு வீங்கியது! உண்மையான பழம் கீழே தொங்கும் கொட்டைதான். வீங்கின காம்பில் தோடம்பழத்தைவிட ஏறக்குறைய 5 மடங்கு விற்றமின் சி! அதைத்தான் தோட்டங்களில் பெரும்பாலும் அழுகவிடுகிறோம். கொட்டை கடைக்குப் போகிறது, அழுகாமல் தப்பிய பழம் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் போகிறது. யார் அதிர்ஷ்டசாலி?

உலகிலேயே பெரியது என்று பெயரெடுத்த கஜு மரம் பிரேசிலில். ஒரே மரம் ஏறக்குறைய 8,500 சதுர மீற்றருக்குப் படர்ந்திருக்கிறது. இரண்டு ஏக்கருக்கு மேல்! ஆண்டுக்கு 60,000க்கு மேல் பழம். 1888இல் நட்டவர் யார் என்று சொல்கிறார்கள்? ஒரு மீனவர்! உடப்புக்காரர்களே, கற்பிட்டிக்காரர்களே, கேட்டுக்கொள்ளுங்கள்!

கத்தோலிக்கரின் வேதாகமத்தில் பழமரத்துக்குக் கால அட்டவணையே இருக்கிறது. முதல் மூன்று ஆண்டுப் பழத்தைத் தொடக் கூடாது. நான்காம் ஆண்டுப் பழம் ஆண்டவருக்கு. ஐந்தாம் ஆண்டில்தான் உங்கள் வாய்க்கு! வயல் ஓரத்தையும் கொடியில் உதிர்ந்ததையும் ஏழைக்கும் அந்நியனுக்கும் விட்டுவிட வேண்டும்.

இஸ்லாத்தில்? நட்ட மரத்தில் மனிதன் தின்றாலும் தர்மம். பறவை கொத்தினாலும் தர்மம். விலங்கு கடித்தாலும் தர்மம்! வௌவால் தின்ற கொய்யாவுக்கும் கணக்கு ஏறுகிறது! ஆணம் ஆக்கினால் தண்ணீரைக் கூட்டி அயல் வீட்டுக்கும் கொடு என்பதும் நபிமொழிதான். அதனால்தான் கொடுத்துவிட்ட கோப்பை வெறுமையாகத் திரும்புவதில்லை. மாம்பழம் போகும், மரவள்ளி வரும். யார் முதலில் தொடங்கியது என்று இரண்டு வீட்டுக்கும் மறந்தே போயிருக்கும்!

வக்பு செய்த, அதாவது இறைவனுக்கென்று தர்மமாக விட்ட, தென்னந்தோப்பை விற்க முடியாது, வாரிசுக்கு எழுத முடியாது. காய் ஊருக்கு, மரம் இறைவனுக்கு! 1956இல் இதற்கென்றே 51ஆம் இலக்கச் சட்டம் வந்தது.

1990 ஒக்டோபர். வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் சுமார் 75,000 பேர். பெரும்பகுதி வந்து சேர்ந்தது புத்தளத்துக்கு. தென்னந்தோப்புகளுக்குள் கிடுகுக் கொட்டில்கள் எழுந்தன. தென்னை தேங்காய் மட்டுமல்ல, கூரையும் சுவரும் நிழலும் கொடுத்தது. இந்தத் துணுக்குக்கு ஆச்சரியக்குறி போட மனம் வரவில்லை.

கண்டல் மரத்தின் காய் மரத்திலேயே முளைவிடும்! தாயின் கிளையில் தொங்கியபடியே நீளமாக வளர்ந்து, சேற்றில் குத்தி நிற்கும். சிலாபத்துக்குப் பக்கத்தில் பம்பலவில் இதற்கென்றே அருங்காட்சியகம் திறந்தார்கள். 2016 ஜூலை 26. கண்டலுக்கான உலகின் முதல் அருங்காட்சியகம்! கண்டல் காவலுக்குத் திட்டம் போட்டதும் இங்கேயே. 1,500 கரையோரச் சமூகங்கள், 15,000 பெண்கள், சிறுகடன். பதிலுக்கு ஒவ்வொரு சமூகமும் சராசரி 21 ஏக்கர் கண்டலைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. மரத்தைக் காத்தால் கடன்! எந்த வங்கியில் இப்படிப் பிணை கேட்டார்கள்?

வில்பத்தில் பாலைப்பழம் பழுத்தால் கரடிக்குக் கொண்டாட்டம்! அந்தப் பெரிய உடம்போடு மரத்தில் ஏறி, கிளையை வளைத்து வாயில் திணிக்கும். கீழே சிந்தியது மானுக்கு. மேலே பெரியவர், கீழே சின்னவர். பந்தியே நடக்கிறது! நமக்கும் அந்தப் பழம் பிடிக்கும். ஆனால் பால் உதட்டில் பசைபோல் ஒட்டிக்கொள்ளும். பத்துப் பழத்துக்குப் பிறகு பேச்சே வராது! பிள்ளைகளுக்குக் கொடுக்கிற அம்மாமாருக்கு இது தெரிந்திருக்கும்போல.

2025 மார்ச் 15, காலை 8 மணி. நாடெங்கும் மக்கள் பேனாவும் தாளுமாகத் தங்கள் வளவில் நின்றார்கள். எதற்கு? குரங்கு எண்ண! மயிலும் மரஅணிலும் மந்தியும் சேர்த்தி. தோட்டத்தில் நாம் கேட்காமலே பங்கு எடுக்கிறவர்களின் கணக்கெடுப்பு. கொடுக்கப்பட்ட நேரம் 5 நிமிடம்! குரங்கு மட்டும் 50 இலட்சத்துக்கு மேல் என்று வந்தது. 8.05க்குப் பேனாவை மூடி உள்ளே போனார்கள். மாமரத்தில் இருந்தவர்கள் போகவில்லை!