பால் பல்லும் பஞ்சாயத்தும்

“பால் பல்தானே, விழுந்து வேறு முளைக்கப் போகிறது” என்று கூறி, குழந்தையின் சொத்தைப் பல்லைப் பொருட்படுத்தாமல் விடுவது நம் கிராமங்களில் நெடுநாளைய வழக்கம். இதனால் விளையும் தீங்கு இன்னதென்று அறிந்தால் எந்தப் பெற்றோரும் அவ்வாறு இருக்கத் துணியமாட்டார்கள்.

பால் பற்கள் மொத்தம் 20. ஆறாம் மாதத்தையொட்டி முளைக்கத் தொடங்கி மூன்று வயதுக்குள் வரிசை நிரம்பிவிடும். முன்பற்கள் ஆறேழு வயதில் விழுவது உண்மையே. ஆனால் பின்புறத்துப் பற்கள் 10 அல்லது 12 வயது வரையில் வாயில் இருந்தாக வேண்டியவை. பின்னால் வரப்போகும் பல்லுக்கு இடத்தைக் காத்து வைப்பவை அவையே. அகாலத்தில் அவை போய்விட்டால் பக்கத்துப் பற்கள் அவ்விடத்தில் சாய்ந்துவிட, புதுப்பல் கோணலாக முளைக்க நேரிடுகிறது.

இதினும் முக்கியமானது ஒன்றுண்டு. ஏறக்குறைய ஆறு வயதில், பால் பற்களுக்கெல்லாம் பின்னால், எந்தப் பல்லும் விழாமலேயே நான்கு பெரிய கடைவாய்ப் பற்கள் முளைக்கின்றன. பல் விழாததால் இவற்றையும் பால் பல் என்றே வீட்டார் எண்ணிவிடுகின்றனர். உண்மையில் இவை ஆயுள் முழுவதற்கும் உரியவை. மேற்பரப்பில் ஆழ்ந்த பள்ளங்கள் உடையவையாதலால், சொத்தை எளிதில் பற்றுவதும் இவற்றையே. நான்காம் வகுப்பில் பிடுங்கப்படும் இந்தப் பல் மறுபடி முளைப்பதில்லை.

பல்லைப் பூச்சி அரித்துவிட்டது என்று சொல்கிறோம். புழு பூச்சி எதுவும் அங்கே இல்லை. பல்லின்மேல் படியும் மாவு போன்ற அழுக்கில் கண்ணுக்குப் புலப்படாத கிருமிகள் வாழ்கின்றன. நாம் உண்ணும் சர்க்கரையை அவை அமிலமாக மாற்றுகின்றன. அந்த அமிலம் எனாமல் என்னும் மேலோட்டிலுள்ள சுண்ணாம்புச் சத்தைக் கரைக்கிறது. மழை விட்ட இடைவெளியில் உடைந்த வரப்பை அடைக்கும் உழவரைப்போல, உமிழ்நீர் அந்தச் சத்தை மீண்டும் பல்லில் சேர்க்கிறது. இதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை வேண்டும். ஆகவே எவ்வளவு இனிப்புத் தின்றான் என்பதைவிட எத்தனை தடவை தின்றான் என்பதே பெரிதும் கவனிக்கத்தக்கது. கமர்கட்டை ஒரு மணி நேரம் கன்னத்தில் அடக்கி வைத்திருக்கும் சிறுவனுக்கு, உணவோடு ஒரு கரண்டிப் பாயசம் உண்பவனைக் காட்டிலும் கேடு அதிகம். வெல்லமும் கருப்பட்டியும் இவ்விஷயத்தில் சர்க்கரைக்கு உறவினர்களே. சர்க்கரை கலந்த பால் புட்டியை வாயில் வைத்தபடி குழந்தையை உறங்கச் செய்வது எல்லாவற்றிலும் மோசமானது. உறக்கத்தில் உமிழ்நீர் ஊறுவது குறைந்துவிடும்.

சாம்பல், செங்கற்பொடி, அடுப்புக்கரி ஆகியவை எனாமலைத் தேய்த்துவிடும். வேப்பங்குச்சியைக் குறைகூற எனக்கு மனமில்லை. ஆயினும் ஐந்து வயதுக் குழந்தையால் அதைக் கடைவாய் வரை கொண்டுசெல்ல இயலாது. புளோரைடு கலந்த பற்பசையால் காலையிலும் படுக்கைக்கு முன்பும் துலக்க வேண்டும். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அரிசி மணியளவு போதும். ஆறு வயது வரை பட்டாணியளவு. ஏழு, எட்டு வயது வரையில் பெரியவர் ஒருவரே துலக்கிவிடுதல் நலம்.

சிறிய அளவில் பல்லைக் காக்கும் இந்தப் புளோரைடே, குடிநீரில் மிகுந்துவிட்டால் வளரும் பல்லைக் கெடுக்கிறது. பழைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் இந்நோய் பரவியிருப்பதை மருத்துவ ஆராய்ச்சியாளர்கள் 1937-இல் வெளியிட்டனர். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இதன் பொருட்டே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கி வைக்கப்பட்டது. லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருத்தல் நன்று. வேறு நீர் கிடைக்காவிடில் 1.5 வரை ஏற்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். பள்ளிப் பிள்ளைகள் பலருக்கு முன்பற்களில் சுண்ணாம்பு பூசினாற்போல் வெண்கோடுகளோ பழுப்புக் கறையோ காணப்பட்டால், அது துலக்காத குற்றமன்று. ஆழ்துளைக் கிணற்றைச் சோதிக்க வேண்டும் என்பதற்கு அடையாளம். அதே நீர் நாளடைவில் எலும்பையும் பாதிக்கும். கொதிக்க வைத்தாலும் புளோரைடு போகாது; நீர் வற்ற வற்றச் செறிவு கூடுவதே மிச்சம். 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் இயக்கத்தில், சோதனைப் பெட்டியைக் கொண்டு நீரைப் பரிசோதிக்க ஊருக்கு ஐந்து பெண்களுக்குப் பயிற்சியளிக்கும் ஏற்பாடு உண்டு. புதுக் கிணறு தோண்டியவுடன் மோட்டார் பொருத்துவதில் காட்டும் அவசரத்தை இச்சோதனையிலும் காட்டலாமே!

ஈறை ஒட்டிப் பல்லில் தோன்றும் மங்கிய வெண்புள்ளியே சொத்தையின் ஆரம்பம். இந்நிலையில் கவனித்தால் பல் தேறிவிடும். குழி விழுந்தபின் அடைத்தாக வேண்டும். தேசியக் குழந்தைகள் சுகாதாரத் திட்டத்தின் மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறையும், பள்ளிக்கு ஒருமுறையும் வந்து பார்க்க வேண்டும் என்பது ஏற்பாடு. அவர்கள் பார்க்கும் குறைகளில் பற்சொத்தையும் ஒன்று. ஆனால் சீட்டு எழுதிக் கொடுத்தபின் குழந்தை மருத்துவமனைக்குப் போனதா என்று கேட்பார் பல ஊர்களில் இல்லை. பஞ்சாயத்து உறுப்பினர்கள் தத்தம் வார்டில் இதை விசாரிக்கலாம். அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் பல் மருத்துவர் எந்தக் கிழமைகளில் இருப்பார் என்பதைக் கேட்டறிந்து பள்ளிச் சுவரில் எழுதி வைத்தால், வீணாக அலையும் தாய்மார்களுக்கு ஒரு நாள் கூலியாவது மிச்சமாகும்.