வயதானால் அப்படித்தானா?

படியேறினால் கால் நடுங்குகிறது, ராத்திரி தூக்கமில்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை என்று வீட்டுப் பெரியவர் சொன்னால், "வயசாயிடுச்சுல்ல, அப்படித்தான் இருக்கும்" என்று பேச்சை முடித்துவிடுகிறோம். குணமாக்கக்கூடிய நோய், தடுக்கக்கூடிய விபத்து, கேட்டுப் பெறக்கூடிய உரிமை எல்லாம் அந்தப் பதிலோடு அமுங்கிப்போகின்றன.

கால் வலு

தசை 30 வயதைத் தாண்டியதும் மெல்லக் குறையத் தொடங்கி, 60-க்கு மேல் வேகமாகக் கரைகிறது. கையை ஊன்றாமல் நாற்காலியை விட்டு எழ முடியவில்லை என்றால் தொடைத் தசை தளர்ந்துவிட்டது என்று பொருள்.

65 வயதைக் கடந்தவர்கள் வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான வேகத்தில் உடலை இயக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதோடு 2 நாள் தசைக்கும், 3 நாள் சமநிலைக்கும் பயிற்சி தேவை. நம்மில் பலர் காலை நடையோடு நிறுத்திக்கொள்கிறோம். அது மட்டும் போதாது. நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பது ஆகியவற்றை வீட்டிலேயே செய்யலாம். இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுத் தொடங்கட்டும். நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ வந்தால் உடனே நிறுத்திவிட்டு 108-ஐ அழையுங்கள்.

கஞ்சி, ரசம் சாதம் என்று சாப்பாட்டைச் சுருக்கிக்கொள்வதும் தசையைக் குறைக்கும். பருப்பு, சுண்டல், தயிர், முட்டை, மீன் என ஏதாவது ஒன்று வேளைதோறும் இருக்கட்டும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவை மருத்துவர் சொல்ல வேண்டும்.

விழுவது சின்ன விஷயமல்ல

இடுப்பெலும்பு முறிந்தால் நன்றாக நடமாடியவரும் படுக்கையில் விழுந்துவிடலாம். ஈரக் குளியலறை, வெளிச்சமில்லாத நடைவழி, வழுக்கும் மிதியடி, கண்புரை ஆகியவை வழக்கமான காரணங்கள். தூக்க மாத்திரையும், சிலருக்கு ரத்த அழுத்த மாத்திரையும் எழும்போது தலைசுற்ற வைக்கும். ராத்திரி எழுந்தால் கட்டில் விளிம்பில் ஒரு நிமிடம் உட்கார்ந்த பிறகு நில்லுங்கள். குளியலறையில் கைப்பிடி பொருத்துங்கள். பிள்ளைகள் பயப்படுவார்கள் என்று, விழுந்ததைப் பலர் மறைக்கிறார்கள். ஒருமுறை விழுந்தவர் மறுபடி விழும் ஆபத்து அதிகம். சாப்பிடும் மாத்திரை அத்தனையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போய் மருத்துவரிடம் காட்டுங்கள்.

மனமும் உடம்புதான்

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் 50 வயதைக் கடந்தவர்களைத் தொடர்ந்து கவனித்து, பெக்கா லெவி குழுவினர் 2002-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தம் முதுமையை நல்லவிதமாகப் பார்த்தவர்கள், மற்றவர்களைவிடச் சராசரியாக 7.5 ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்திருந்தார்கள். அதற்காக, நம்பிக்கை இருந்தால் மருந்து வேண்டாம் என்றாகிவிடாது. "எல்லாம் முடிந்தது" என்று நினைப்பவர் நடப்பதையும் மாத்திரையையும் கைவிடுவது எளிது. அந்த ஆபத்தைத்தான் கவனிக்க வேண்டும்.

முதியவர்களின் மனச்சோர்வு பல நேரம் அழுகையாக வெளிப்படுவதில்லை. உடம்புவலி, பசியின்மை, மறதி, எரிச்சல் என்று வரும். இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் போக வேண்டும். தைராய்டு குறைவும் பி12 குறைவும் இதே அறிகுறிகளைக் காட்டலாம் என்பதால் ரத்தப் பரிசோதனை உதவும். டெலி மானஸ் 14416 என்ற எண்ணில் மனநல ஆலோசனை இலவசம்.

சட்டம் உங்கள் பக்கம்

பயம் குறைந்தால்தான் மனம் தெம்பாக இருக்கும். பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007-இன்படி, தம் வருமானத்தில் வாழ முடியாத பெற்றோர் பிள்ளைகளிடம் பராமரிப்புத் தொகை கோரலாம். பிள்ளை இல்லாத, 60 வயது நிறைந்தவர்கள், தம் சொத்து யாருக்குப் போகுமோ அந்த உறவினரிடம் கோரலாம். தமிழ்நாட்டில் வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுக்க வேண்டும். மாதம் 10,000 ரூபாய் வரை வழங்க உத்தரவிடச் சட்டத்தில் இடமுண்டு. முதியவரைக் கைவிட்டால் 3 மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் உண்டு.

பிள்ளைக்கு செட்டில்மெண்ட் எழுதும்போது, 'என்னைப் பராமரிக்க வேண்டும்' என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே சேருங்கள். அதை மீறினால் பத்திரத்தை ரத்துசெய்யக் கோர 23-ஆம் பிரிவு வழிவிடுகிறது. நிபந்தனை எழுதாமல் விட்டவர்கள் அதை நிரூபிக்கத் திண்டாடுகிறார்கள்.

அரசு மருத்துவமனையில் முதியோருக்குத் தனி வரிசை வேண்டும் என்பதும் இதே சட்டத்தில் இருக்கிறது. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டிலேயே தருவதோடு, இயன்முறைச் சிகிச்சையும் அளிக்க 2021-இல் தொடங்கப்பட்டது 'மக்களைத் தேடி மருத்துவம்'. ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

எங்கே போவது, யாரைக் கேட்பது என்று தெரியாவிட்டால் முதியோர் உதவி எண் 14567-க்கு அழையுங்கள், கட்டணமில்லை. மனு கொடுத்தால் குடும்ப மானம் போகும் என்று தயங்க வேண்டாம். நீங்கள் கேட்பது தயவு அல்ல, சட்டம் உங்களுக்குத் தந்த உரிமை.