தாத்தாவின் புகைக்குழல்

என் மேசை இழுப்பறையில் பழைய புகைக்குழல் ஒன்று இருக்கிறது. பைப் என்று நாம் சொல்லும் அதன் நுனியில் என் தாத்தாவின் பல் தடம் இன்னும் மறையவில்லை. சென்ற மாதம் கல்லூரியில் பயிலும் என் மகன் அதைக் கையிலெடுத்து, "அப்பா, உங்கள் தாத்தாவின் நினைவாக இதை ஒருநாள் பற்றவைத்துப் பார்க்கட்டுமா?" என்றான். அவனுக்குச் சொன்ன விடையையே இங்கு எழுதுகிறேன்.

தாத்தா, திருச்சி பொன்மலை இரயில்வே பணிமனையில் உழைத்து ஓய்வு பெற்றவர். 1947-இல் தாயகம் திரும்பிய ஆங்கிலேய மேலதிகாரி ஒருவர் அவருக்கு அளித்த பரிசு அந்தப் பைப். மத்தியதரைக் கடலோரத்தில் வளரும் பிரையர் என்னும் புதர்ச்செடியின் வேர்முண்டில் கடைந்தது. அம்முண்டு எளிதில் தீப்பற்றாது. அதைப் பல மணி நேரம் வேகவைத்து, பல மாதம் உலர்த்திய பின்னரே கடைவார்கள்.

மாலையில் குடும்பச் செபமாலை முடிந்ததும் தாத்தா சாய்வு நாற்காலியில் அமர்வார். புகையிலையை மூன்று சிட்டிகையாக இடுவார். "முதலில் குழந்தையின் கைபோல் மெல்ல, அடுத்துத் தாயின் கைபோல், கடைசியில் தந்தையின் கைபோல் அழுத்த வேண்டும்" என்பார். புகை சுருள் சுருளாக எழும்; கதையும் உடன் எழும். அவர் முழங்காலருகே அமர்ந்து கேட்ட எனக்கு, அந்த மணமே தாத்தாவாக இருந்தது.

ஆண்டுதோறும் விபூதிப் புதனன்று அவர் பைப்பைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார். உயிர்ப்புப் பெருவிழாவன்று மீண்டும் எடுப்பார். அவருடைய மன உறுதியைக் கண்டு நாங்கள் வியந்ததுண்டு.

1979-இல் அவர் நாக்கின் ஓரத்தில் ஒரு புண் தோன்றியது. சுண்ணாம்பு சுட்டிருக்கும் என்று எண்ணிப் பல மாதம் வாளாவிருந்தார். மருத்துவரிடம் சென்றபோது காலம் கடந்துவிட்டது; அது புற்றுநோய். கதை சொன்ன வாய் பேச்சிழந்தது. என் பள்ளிச் சிலேட்டில் எழுதியே பேசினார். ஒருநாள் இவ்வாறு எழுதிக் காட்டினார்: "ஆண்டுதோறும் நாற்பது நாள் விட்டேன். நாற்பத்தோராம் நாளும் விட்டிருக்கலாம்."

பைப் புகையை நெஞ்சுக்குள் இழுப்பதில்லை, ஆகவே கேடில்லை என்பர் சிலர். அது தவறு. உதடும் நாக்கும் அப்புகையில் நாள்தோறும் நனைகின்றன. நிக்கோட்டின் நஞ்சு வாயின் மென்தோல் வழியாகவே குருதியில் கலக்கிறது. பைப் பிடிப்போருக்கு உதட்டுப் புற்று மிகுதியாக வருவதை ஜெர்மானிய மருத்துவர் சோமரிங் 1795-லேயே எழுதிவைத்தார். வத்திக்கானில் சிகரெட் விற்பனையை நிறுத்தத் திருத்தந்தை பிரான்சிஸ் 2017-இல் முடிவு செய்தார். மக்களின் உடல்நலத்திற்குக் கேடு விளைவிப்பதில் பங்குகொள்ள இயலாது என்பதே காரணம்.

அன்பு வாசகர்களே, உங்கள் வீட்டு முதியோர் வாயில் புண்ணோ வெண்படலமோ இரண்டு வாரத்தில் ஆறாவிடில், தாமதியாது மருத்துவரிடம் காட்டுங்கள். எங்கள் வீட்டில் அதைச் செய்யத் தவறினோம்.

மகன் நெடுநேரம் பேசாதிருந்தான். பின்னர் பைப்பை ஒருமுறை முகர்ந்து பார்த்து, இழுப்பறையிலேயே வைத்தான். "அவர் சொன்ன கதைகளில் ஒன்றைச் சொல்லுங்கள், அப்பா" என்றான். அன்றிரவு செபமாலை முடிந்ததும் சொல்லத் தொடங்கினேன்.